நடந்தும் குறையவில்லையா, தங்கச்சி?

"அக்கா, மூன்று மாதமா விடியக்காலையில நடக்கிறன், ஒரு கிலோவும் குறையுதில்லை." தம்பிலுவில், திருக்கோவில் பக்கம் பெண்கள் கூடுகிற இடத்தில் எல்லாம் இந்த முறைப்பாடு என் காதில் விழுகிறது. நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: ஒரு நாளைக்கு எத்தனை தேத்தண்ணி குடிக்கிறீங்க?

விடிய ஒன்று, பத்து மணிக்கு ஒன்று, பின்னேரம் ஒன்று, வீட்டுக்கு ஆட்கள் வந்தால் அவர்களோடு இன்னும் ஒன்றிரண்டு. இப்படியே ஐந்து ஆகிவிடும். ஒவ்வொன்றிலும் இரண்டு தேக்கரண்டி சீனி என்றால் மொத்தம் 160 முதல் 200 கலோரி. 60 கிலோ நிறையுள்ள ஒரு பெண் அரை மணி நேரம் வேகமாக நடந்தால் செலவாவது 100 முதல் 130 கலோரிதான். நடை முழுவதும் கோப்பையிலேயே கரைந்துவிடுகிறது. ஒரேயடியாக நிறுத்த வேண்டாம். கோப்பைக்கு அரைக் கரண்டி குறையுங்க, நாக்குப் பழகியதும் இன்னொரு அரைக் கரண்டி. பனங்கட்டி கடித்துக் குடித்தால் கணக்கில் வராது என்று நினைக்கிறவர்களுக்கும் சொல்கிறேன், அதுவும் சீனிதான்.

அடுத்தது காலைச் சாப்பாடு. புட்டும் சம்பலும், இடியப்பமும் சொதியும், அவசரமென்றால் பாணும் மாஜரினும். எல்லாமே மாச்சத்தும் கொழுப்பும். புரதம் எங்கே? கிரமமாக உடற்பயிற்சி செய்கிறவருக்கு ஒரு கிலோ நிறைக்கு 1.2 கிராம் புரதமாவது நல்லது. 60 கிலோ என்றால் 72 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம், 100 கிராம் மீனில் ஏறக்குறைய 20 கிராம் இருக்கும். காலையில் புட்டைக் குறைத்து ஒரு முட்டையும் அவித்த பயறும், பகலில் மீன், பின்னேரம் ரோல்ஸுக்குப் பதிலாகக் கௌபி, இரவில் பருப்போ தயிரோ என்று பிரித்தால் கிட்டத்தட்ட வந்துவிடும். டப்பாவில் விற்கும் புரத மாவுக்குக் காசு கொடுக்கத் தேவையில்லை. கீரியும் சாளையும் நெத்தலியும் விலை குறைந்த மீன்கள், ஆனால் சத்தில் குறைந்தவை அல்ல. கருவாட்டை மட்டும் அளவோடு வையுங்க. ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக உப்பு, அதாவது ஒரு தேக்கரண்டிக்குள், என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு.

இதில் எனக்குக் கோபம் வருகிற இடம் ஒன்று இருக்கிறது. மீன் கறி ஆக்கினால் நடுத்துண்டு வீட்டுக்காரருக்கு, அடுத்தது பிள்ளைகளுக்கு, ஆக்கியவளுக்குச் சட்டியில் ஒட்டின குழம்பும் தலையும். பிறகு அந்தப் பசியை அடக்க ஒரு கோப்பைச் சோறு கூட. இதைத் தியாகம் என்று யாரும் புகழ வேண்டாம். முதலில் உங்கள் துண்டை எடுத்து வைத்துவிட்டுப் பரிமாறுங்க.

வயல்காரர் ஊரில் சோற்றைக் குறை என்றால் சண்டைதான் வரும். ஆகவே சாப்பாட்டுக் கோப்பையைப் பாருங்க: பாதி மரக்கறியும் கீரைச் சுண்டலும், கால்வாசி மீன் அல்லது பருப்பு, மிச்சக் கால்வாசி சோறு. சிவப்பரிசி நல்லதுதான், ஆனால் சிவப்பரிசிச் சோறு என்பதற்காக மலைபோல் போட்டால் பலனில்லை.

இனி உடற்பயிற்சி. வயதுக்கு வந்தோர் கிழமைக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலசைவு செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்னது பலருக்குத் தெரியும். அதே அறிவுரையில் கிழமைக்கு இரண்டு நாளாவது தசைக்குப் பலம் தரும் பயிற்சி வேண்டும் என்றும் இருக்கிறது. நம்மில் விடுபடுவது இந்த இரண்டாவதுதான். முப்பது தாண்டினால் தசை மெல்ல மெல்லக் குறையத் தொடங்குகிறது. நடை மட்டும் அதைத் தடுத்து நிறுத்தாது.

ஜிம் வேண்டாம். ஒரு கதிரையைச் சுவரோடு வையுங்க. கால்களைத் தோளகலத்துக்கு வைத்து, கையை முன்னே நீட்டி, மூன்று எண்ணும் நேரம் எடுத்து மெதுவாக இறங்கி, கதிரையைத் தொட்டதும் எழும்புங்க. தொப்பென்று விழுந்து இருந்தால் அது பயிற்சியே இல்லை. பத்துத் தடவை, சற்று ஓய்வு, மறுபடி பத்து. பிறகு சுவரில் கையூன்றித் தள்ளுவது, வாசல்படியில் ஏறி இறங்குவது, தண்ணீர் நிரப்பிய ஐந்து லீற்றர் கானைக் கையில் தூக்கிக்கொண்டு முற்றத்தில் நடப்பது. கடைசி இரண்டு தடவை கஷ்டமாக இருக்க வேண்டும். சுலபமாகிவிட்டால் எண்ணிக்கையையோ பாரத்தையோ கூட்டுங்க. ஒரே அளவில் நின்றால் உடம்பும் அங்கேயே நின்றுவிடும். ஆடித் திருவிழாவுக்கு உகந்தையிலிருந்து காட்டுவழியாகக் கதிர்காமம் நடக்க நினைக்கிறவர்களுக்கு இது இன்னும் அவசியம். தொடையில் பலம் இல்லாமல் போனால் முழங்கால் தாங்காது.

கடற்கரையில் நடக்கிறவர்கள் முதலில் அலை நனைத்த கெட்டி மணலில் நடங்க. இளமணலில் நடக்கக் கெட்டித் தரையைவிட இரு மடங்குக்கும் மேல் சக்தி செலவாகும், பழகாத குதிகாலும் கெண்டைக்காலும் நோகும். பேசிக்கொண்டு நடக்க முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அந்த வேகம் போதும்.

வெயிலோடு மட்டும் விளையாட வேண்டாம். 2024 மார்ச்சில் திருக்கோவிலில் பாடசாலை மரதன் ஓடிய பதினாறு வயதுப் பிள்ளை உயிரிழந்ததை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. மாசி, பங்குனி தொடங்கினால் காலை ஏழு மணிக்குள் முடியுங்க, இல்லாவிட்டால் வெயில் தாழ்ந்த பிறகு. தலை சுற்றினால், நெஞ்சு இறுகினால் அந்த இடத்திலேயே நிறுத்துங்க. நோன்பு பிடிக்கிற அக்கரைப்பற்று, கல்முனைத் தோழிகள் பகலில் பாரம் தூக்க வேண்டாம். நோன்பு திறந்து, தண்ணீர் குடித்து, ஒரு மணி நேரம் கழித்துச் செய்யலாம்.

தராசைத் தினமும் மிதிப்பதை விடுங்க. தையல் டேப்பால் மாதம் ஒரு தடவை இடுப்பை அளங்க. நம்மைப் போன்ற தெற்காசியப் பெண்களுக்கு 80 சென்ரிமீற்றர்தான் எல்லை. நிறை அப்படியே நின்று இடுப்பு இறங்கினால் நீங்கள் சரியான வழியில் போகிறீர்கள்.

வயதாகிவிட்டது என்று சொல்ல வருகிறீங்களா? முள்ளியவளை அகிலத்திருநாயகி அம்மா 2023இல் பிலிப்பைன்ஸில் நடந்த மூத்தோர் தடகளப் போட்டியில் இரண்டு தங்கமும் ஒரு வெண்கலமும் வாங்கியபோது அவருக்கு வயது 72.

35 வயது தாண்டியவர்களுக்கு அரசாங்க ஆஸ்பத்திரிகளில் இருக்கும் ஆரோக்கிய வாழ்க்கை நிலையத்தில் பிரஷரும் சீனியும் இலவசமாகப் பார்க்கிறார்கள். பிரஷர், சீனி வருத்தம், நெஞ்சு நோவு எது இருந்தாலும் பயிற்சி தொடங்க முன்னர் அங்கே போய்க் கேளுங்க. இந்தக் கிழமையே போங்க, பக்கத்து வீட்டுத் தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு போங்க.