கண்ணாடியைக் கழற்றிய பிறகும்

உயர்நிலை மூன்றில் பயிலும் மாணவர்கள் சிலருடன் ஒருமுறை பேசிக்கொண்டிருந்தேன். பேச்சு மூக்குக்கண்ணாடியைப் பற்றித் திரும்பியது. சுற்றி அமர்ந்திருந்த 11 பேரில் 9 பேர் கண்ணாடி அணிந்திருந்தனர். "எனக்கு 700 டிகிரி" என்றார் ஒருவர், தேர்வில் வாங்கிய மதிப்பெண்ணைச் சொல்வதுபோல. "பரவாயில்லை. 21 வயதானதும் லேசர் செய்துகொள்வேன். அதோடு என் கண் சரியாகிவிடும்." மற்றவர்களும் தலையசைத்தனர். மணி அடித்துவிட்டதால் நான் பதில் சொல்லாமலே எழுந்து வந்தேன். இக்கட்டுரையை அந்தப் பதிலாக எடுத்துக்கொள்ளலாம்.

சிங்கப்பூர் இளையர்களில் 10 பேருக்கு ஏறத்தாழ 8 பேர் கிட்டப்பார்வை உடையவர்கள். எல்லாரிடமும் இருப்பதால் அதை ஒரு குறைபாடாகவே நாம் நினைப்பதில்லை. மருத்துவர்கள் 7 டயாப்டர் என்று எழுதுவதை நாம் 700 டிகிரி என்கிறோம். அந்த எண் கண்ணாடியின் தடிமனை மட்டும் குறிப்பதில்லை. உங்கள் கண் எவ்வளவு நீண்டுவிட்டது என்பதையும் அது சொல்கிறது.

வளர்ந்த ஒருவரின் கண், முன்புறத்திலிருந்து பின்புறம் வரை ஏறத்தாழ 24 மில்லிமீட்டர் நீளமுடையது. முன்புறம் நுழையும் ஒளியைக் கார்னியா எனும் தெளிந்த படலமும் அதன் பின்னுள்ள வில்லையும் குவிக்கின்றன. கண்ணின் உட்சுவரில் ஒட்டியிருக்கும் விழித்திரையில் பிம்பம் தலைகீழாக விழுகிறது. அதை நேராக்கிப் புரிந்துகொள்வது மூளையின் வேலை. (இந்தத் 'தலைகீழ்' விவரத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.) வளரும் பருவத்தில் கண் அளவுக்கு மேல் நீண்டுவிட்டால், பிம்பம் விழித்திரைக்கு முன்பாகவே குவிந்துவிடும். தூரத்துப் பேருந்தின் எண் மங்கலாகத் தெரிவது அதனால்தான். கண் 1 மில்லிமீட்டர் கூடுதலாக நீண்டால் கிட்டப்பார்வை ஏறத்தாழ 250 முதல் 300 டிகிரி வரை கூடும். அந்த மாணவரின் கண், இருக்க வேண்டியதைவிட 2 மில்லிமீட்டருக்கும் மேல் நீண்டிருக்கும் என்று கணக்குப் போடலாம்.

2 மில்லிமீட்டர் என்ன பெரிய அளவா என்று தோன்றும். விழித்திரையின் தடிமன் சராசரியாகக் கால் மில்லிமீட்டர்தான். ஒளியை உணரும் 12 கோடிக்கும் மேற்பட்ட செல்கள் அதற்குள்தான் இருக்கின்றன. கண் நீளும்போது இந்தத் திரையும் இழுபடுகிறது. உணவங்காடியில் பராட்டா போடுபவர் மாவை வீசி விரிப்பதைப் பார்த்திருப்பீர்கள். உருண்டையாக இருந்தபோது உறுதியாக இருந்த அதே மாவு, விரிய விரிய மெலிந்து, ஓரத்தில் சில நேரம் ஓட்டை விழும். இழுபட்ட விழித்திரையும் பெரும்பாலும் ஓரங்களில்தான் மெலிகிறது.

லேசர் சிகிச்சை கண்ணின் முன்புறத்தில் நடக்கிறது. கார்னியாவின் வளைவைச் சீவி மாற்றி, ஒளி சரியான இடத்தில் விழும்படி செய்கிறார்கள். பார்வை தெளிவாகிறது, கண்ணாடி தேவைப்படுவதில்லை. ஆனால், கண்ணின் நீளம் ஒரு நூலளவும் குறைவதில்லை. பின்சுவரில் இழுபட்டு மெலிந்த திரை அப்படியேதான் இருக்கிறது. நான் லேசர் சிகிச்சைக்கு எதிரானவன் அல்லன். தகுந்தவர்களுக்கு அது நல்ல சிகிச்சை. அது எதைச் சரிசெய்கிறது, எதைத் தொடுவதே இல்லை என்பது தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

என் தோழி ஒருவர் 26 வயதில் லேசர் செய்துகொண்டார். அதற்கு முன் அவருக்கு 850 டிகிரி. அடுத்த 18 ஆண்டுகள் கண்ணாடியே இல்லை. படிவங்களில் 'கண் குறைபாடு உண்டா?' என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதிவந்தார். கண் மருத்துவரிடம் போக வேண்டும் என்ற எண்ணமே வரவில்லை. அவருடைய 44ஆவது வயதில், ஒரு புதன்கிழமை காலை, ரயில் நிலைய மேடையில் நின்று வானத்தைப் பார்த்தபோது வலக்கண்ணில் கரித்தூளை அள்ளித் தெளித்தாற்போல் கரும்புள்ளிகள் மிதந்தன. அன்றிரவு விளக்கை அணைத்த பிறகு, கண்ணின் ஓரத்தில் மின்னல் வெட்டியதுபோல் ஒளி தெரிந்தது. வேலைக் களைப்பு என்று நினைத்துக்கொண்டார். வலி ஏதுமில்லை. வெள்ளிக்கிழமை காலை, கீழ்மூலையிலிருந்து ஒரு நிழல், சாம்பல் நிறத் திரைச்சீலையைப் போல, மேல்நோக்கி ஏறத் தொடங்கியது.

அவர் கண்ணுக்குள் நடந்தது இதுதான். கண்ணின் உட்பகுதியைத் தெளிந்த கூழ் போன்ற ஒரு பொருள் நிரப்பியிருக்கிறது. வயதாக ஆக அது நீர்த்துச் சுருங்கி, விழித்திரையிலிருந்து பிரியும். பெரும்பாலோருக்கு இது தீங்கில்லாமல் முடிந்துவிடும். கிட்டப்பார்வை அதிகமுள்ளவர்களுக்கு இது சற்று முன்கூட்டியே நடக்கும். பிரியும்போது, மெலிந்த திரையைப் பிடித்து இழுத்துக் கிழித்துவிடவும் கூடும். இழுபடும் விழித்திரை, ஒளி என்ற ஒரே மொழியில்தான் முறையிடும். அதனால்தான் இருட்டிலும் மின்னல் தெரிகிறது. கிழிசல் வழியே நீர் புகுந்து, சுவரில் ஈரம் ஏறி வண்ணத்தாள் உரிவதைப்போல், திரை உரியத் தொடங்கும். இதைத்தான் விழித்திரை விலகல் என்கிறோம். விழித்திரையில் வலியை உணரும் நரம்புகள் இல்லாததால் வலியே இருக்காது. பல்வலிக்கு நள்ளிரவில் மருத்துவரைத் தேடுகிறோம். இதற்கோ 'நாளை பார்த்துக்கொள்ளலாம்' என்று இருந்துவிடுகிறோம்.

எண்ணிக்கையைப் பார்த்தால் இது அரிய நோய். பொதுமக்களில் ஆண்டுக்கு ஏறத்தாழ 10,000 பேரில் ஒருவருக்கு வருகிறது. 600 டிகிரிக்கு மேற்பட்டவர்களுக்கு வாய்ப்பு அதைவிடப் பல மடங்கு அதிகம். ஆகவே, எப்போதோ மிதக்கும் ஒரு புள்ளியைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. திடீரெனப் பல புள்ளிகள், மின்னும் ஒளி, ஓரத்திலிருந்து நகரும் நிழல் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று தென்பட்டால் அன்றைக்கே கண் மருத்துவரிடம் செல்ல வேண்டும். விழித்திரையின் நடுப்பகுதிதான் எழுத்துகளையும் முகங்களையும் அறிந்துகொள்ள உதவுகிறது. அது உரிவதற்கு முன் சிகிச்சை கிடைத்தால் பார்வை பெரும்பாலும் முழுமையாக மீளும். உரிந்த பிறகு தாமதமானால் திரையை ஒட்டவைக்க முடிந்தாலும், பழைய கூர்மை திரும்பாமல் போகலாம்.

நூறு ஆண்டுகளுக்கு முன் இந்த நோய் வந்தால் பார்வை போனதாகவே பொருள். நோயாளிகளைத் தலையை அசைக்காமல் வாரக்கணக்கில் படுக்கவைத்தார்கள். பலனில்லை. சுவிட்சர்லாந்தின் லோசான் நகரைச் சேர்ந்த ஜூல் கோனான் என்ற மருத்துவர், 'கிழிசல்தான் விலகலுக்குக் காரணம். அதைத் தேடிக் கண்டுபிடித்து மூடினால் திரை மீண்டும் ஒட்டிக்கொள்ளும்' என்றார். கிழிசல் காரணமன்று, விளைவுதான் என்று கருதிய பலர் அவரை நம்பவில்லை. அவர் பொறுமையாகக் கிழிசலின் இடத்தைக் கணித்து, கண்ணின் வெளிச்சுவர் வழியே சூடேற்றிய முனையால் அந்த இடத்தைச் சுட்டு மூடினார். 1929இல் ஆம்ஸ்டர்டாமில் நடந்த அனைத்துலகக் கண் மருத்துவ மாநாட்டில்தான் அவருடைய முறை பரவலாக ஏற்றுக்கொள்ளப்பட்டது.

எனக்கு அதைவிடப் பிடித்தது ஜெர்மனியில் நடந்த இன்னொரு கதை. 1945 ஜூலை 9ஆம் நாள் சூரிய கிரகணம். வெறுங்கண்ணால் அதைப் பார்த்து விழித்திரையில் தீக்காயம் பட்டுக்கொண்டவரைக் கெர்ட் மேயர்-ஷ்விக்கராத் என்ற இளம் மருத்துவர் பரிசோதித்தார். நடுவில் ஒரு சிறு தழும்பு. 'சூரிய ஒளி விழித்திரையில் தழும்பை ஏற்படுத்தும் என்றால், வேண்டிய இடத்தில் வேண்டிய அளவு தழும்பை நாமே ஏற்படுத்தலாமே! கத்தியே இல்லாமல் கிழிசலின் ஓரத்தை ஒட்டிவிடலாமே!' என்று அவருக்குத் தோன்றியது. சில ஆண்டுகள் கழித்து, கூரையில் கண்ணாடிகளைப் பொருத்தி, சூரிய ஒளியை நோயாளியின் கண்ணுக்குள் செலுத்திச் சிகிச்சை அளித்தார். மேகம் சூழ்ந்தால் சிகிச்சை இல்லை. பிறகு செனான் விளக்கைப் பயன்படுத்தினார். 1960இல் லேசர் கண்டுபிடிக்கப்பட்டதும், அதை மிக விரைவில் கைக்கொண்ட துறைகளுள் ஒன்று கண் மருத்துவம். திரை உரிவதற்கு முன்பே கிழிசலைக் கண்டுபிடித்தால், இன்று சில நிமிட லேசர் சிகிச்சையே போதும். கண்ணாடியைக் கழற்றும் லேசரும் இதுவும் வேறு வேறு. அது முன்புறத்துக்கு, இது பின்புறத்துக்கு.

என் தோழியின் திரை உரியத் தொடங்கிவிட்டதால் லேசர் மட்டும் போதவில்லை. நடுப்பகுதி இன்னும் உரியவில்லை என்று மருத்துவர் சொன்னார். மறுநாளே அறுவை சிகிச்சை. உள்ளிருந்த கூழ்ப்பொருளை அகற்றி, கிழிசலை மூடி, கண்ணுக்குள் வாயுக் குமிழி ஒன்றை நிரப்பினார்கள். குமிழி மேல்நோக்கி மிதந்து, திரையைச் சுவரோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொள்ளும். அது கிழிசலின் மீது சரியாக அமர, நோயாளி தலையைக் குறிப்பிட்ட வாகில் வைத்திருக்க வேண்டும். தோழிக்கு ஒரு வாரம் குப்புறப் படுக்கை. மணிக்கட்டில் 'கண்ணில் வாயு உள்ளது' என்ற பட்டையைக் கட்டி அனுப்பினார்கள். விமானத்தில் காற்றழுத்தம் குறையும்போது வாயு விரிந்து, கண்ணுக்குள் அழுத்தத்தை ஏற்றிப் பார்வையையே பறித்துவிடலாம். சென்னையில் நடந்த தம்பியின் திருமணத்துக்கு அவரால் போக முடியவில்லை. தரையில் வைத்த கைப்பேசியில், தலையைக் குனிந்தபடியே இடக்கண்ணால் தாலி கட்டுவதைப் பார்த்தார். அவருடைய அம்மாவும் பயணத்தை விட்டுவிட்டு மகளுக்குச் சோறு பிசைந்து ஊட்டிக்கொண்டிருந்தார்.

சிகிச்சைக்கும் ஒரு விலை உண்டு. கூழ்ப்பொருளை அகற்றிய கண்ணில் சில ஆண்டுகளுக்குள் கண்புரை வருவது வழக்கம். கண்புரை அறுவை சிகிச்சையோ விழித்திரை விலகும் வாய்ப்பைச் சற்றுக் கூட்டும்; கிட்டப்பார்வை உள்ளவர்களுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாக. உங்கள் தாத்தா பாட்டி கண்புரை அறுவை செய்துகொண்டவர்கள் என்றால், மேலே சொன்ன அறிகுறிகளை அவர்களுக்கும் சொல்லிவையுங்கள்.

கண் நீள்வதைத் தடுக்க முடியாதா? வேகத்தைக் குறைக்கலாம். சிறு வயதில் நாளுக்கு 2 மணி நேரமாவது வெளிப்புற வெளிச்சத்தில் இருக்கும் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வரும் வாய்ப்புக் குறைவு. செறிவு மிகக் குறைந்த அட்ரோபின் சொட்டு மருந்து பற்றிச் சிங்கப்பூரில் நடந்த ஆய்வு 2012இல் வெளியானபோது உலகமே திரும்பிப் பார்த்தது. அதன்பின் ஹாங்காங்கில் நடந்த ஆய்வு, 0.01 விழுக்காட்டைவிட 0.05 விழுக்காடு நன்கு செயல்படுவதைக் காட்டியது. எந்தச் சொட்டு மருந்தும் ஏற்கெனவே நீண்ட கண்ணைச் சுருக்காது. 700 டிகிரி உள்ளவர் செய்யக்கூடியது, கண்மணியை விரிவாக்கி விழித்திரையின் ஓரம்வரை பார்க்கும் பரிசோதனையை மருத்துவர் சொல்லும் இடைவெளியில் செய்துகொள்வது. அன்று மாலைவரை எழுத்துகள் கலங்கலாகத் தெரியும், வெயில் கூசும். லேசர் செய்துகொண்டாலும் பழைய எண்ணை மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

தோழியின் கண்ணில் இருந்த குமிழி மேல்பகுதியில்தான் மிதந்தது. பிம்பம் தலைகீழாக விழுவதால் அவருக்கு அது கீழே தெரிந்தது, பாதி நிரம்பிய பாட்டிலில் தண்ணீர் தளும்புவதைப்போல. நாள்தோறும் அந்தக் கோடு சற்றுக் கீழே இறங்கியது. கோட்டுக்கு மேலே முதலில் விளக்கு தெரிந்தது, பிறகு சன்னல், பிறகு எதிர்வீட்டுக் கொடியில் காயும் துணிகள். ஐந்தாவது வாரம் அது ஒரு சிறு கருப்புக் கோலியாகி, நடக்கும்போது பார்வையின் அடியில் உருண்டுகொண்டிருந்தது. ஒரு நாள் காலை எழுந்து தேடினார். அது இல்லை.