திண்டுக்கு உறை தைத்தல்

மரச்சோபாவின் இலவம்பஞ்சுத் திண்டை நனைத்துத் துவைத்தல் கூடாது, பஞ்சு கட்டிகட்டியாகிவிடும். கழற்றித் துவைக்கத்தக்க உறையே அதற்குத் தகும்.

முதற் சலவைக்குப் பின் உறை திண்டின்மேல் ஏறவில்லை என்பது வீடுகளில் கேட்கும் முறையீடு. குற்றம் தையலுடையதன்று. தறியில் இழுபட்டு நின்ற நூலிழைகள் நனைந்ததும் சுருங்குகின்றன. கஞ்சியிட்ட காடாத்துணியில் இது மிகுதி. ஆதலால் துணியை ஓரிரவு தண்ணீரில் ஊறவைத்து, அலசி, முறுக்காமல் உலர்த்திய பிறகே கத்தரிக்க வேண்டும். சுருங்காது என்று கடைக்காரர் சொன்னபோதிலும் இதனை விடலாகாது. சங்க அங்கத்தினர் பலர் சேர்ந்து துணி வாங்குவராயின், முன்னதாக அரைக்கெஜம் வாங்கி நனைத்து அளந்து பார்ப்பது உத்தமம். வீண் செலவு நேராது.

திண்டு 16 அங்குலச் சதுரமும் 3 அங்குலக் கனமும் உடையதென்று கொள்வோம். உப்பிய நடுவிலன்றி ஓரத்திலேயே அளவெடுக்க வேண்டும். உலர்ந்த துணியின் அகலம் 34 அங்குலத்துக்குக் குறையாதிருப்பின் ஒரு கெஜம் போதும். 17 அங்குலச் சதுரம் இரண்டும், 17 அங்குல நீளமும் 4 அங்குல அகலமும் உள்ள பட்டைகள் ஐந்தும் கத்தரிக்கவும். தையலுக்கென எல்லா ஓரங்களிலும் அரை அங்குலம் இதில் அடங்கியிருக்கிறது.

பின்புறத்துக்கு இரு பட்டைகள். ஒவ்வொன்றிலும் ஒரு நீள ஓரத்தை அரை அங்குலம் மடித்துத் தைத்து, ஒன்றின்மேல் ஒன்று 3 அங்குலம் ஏறுமாறு வைத்தால் உறையின் வாய் அமையும். பட்டைகளை முனையோடு முனை இணைக்கையில் இருகோடியிலும் அரை அங்குலம் தைக்காமல் விடுதல் வேண்டும். அன்றேல் மூலை கோணிக்கொள்ளும். வாய்க்கு நாடாவே நலம். பித்தான்கள் சலவைக்கல்லில் உடைந்துபோகும்.