பழைய கேமராவை எழுப்புவோமா?

அம்பத்தூரிலோ ஆவடியிலோ உங்கள் வீட்டுப் பரணில், பரோடாவில் தயாரான அக்ஃபா கிளிக்-3 கேமரா கிடக்கிறதா? அழுத்தினால் 'கிளிக்' ஓசை வரவில்லையா? உடனே திறந்துவிடாதீர்கள்!

முதலில் பின்புறத்துச் சிவப்புச் சன்னலைப் பாருங்கள். எண் தெரிந்தால் உள்ளே பிலிம் இருக்கிறது. அதிலுள்ள வெள்ளி உப்புத் துகள்களில் தாத்தா எடுத்த படம், கண்ணுக்குத் தெரியாமல் பதிந்திருக்கலாம். வெளிச்சம் பட்டால் அது பாழாகிவிடும். ஆகவே, பிலிமின் காகிதம் முழுவதும் சுருளும்வரை திருகைச் சுற்றுங்கள். பிறகு இருட்டறையில் எடுத்து, கழுவக் கொடுங்கள்.

இப்போது காலிக் கேமராவின் பின்புறத்தைத் திறந்து, வெளிச்சத்தைப் பார்த்தபடி அழுத்துங்கள். ஒளி மின்னி மறைந்தால் ஷட்டர் இயங்குகிறது. இல்லையேல்? ஷட்டர் என்பது சுருள்வில்லால் நகரும் மெல்லிய தகடு. மழைக்கால ஈரத்தால் வந்த துருவோ, பழைய பிசுக்கோ அதைப் பிடித்திருக்கலாம். எண்ணெய் விடாதீர்கள், தூசி சேர்ந்து தகடு மேலும் ஒட்டும். தூசியை ஊதி அகற்றி, மெதுவாகப் பலமுறை அழுத்திப் பாருங்கள். அசையாவிட்டால் பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள்.

ஓர் எச்சரிக்கை: உள்ளேயே பிளாஷ் உள்ள கேமராவைக் கழற்றவே கூடாது. பேட்டரியை எடுத்த பின்னும் அதன் மின்தேக்கியில் சுமார் 300 வோல்ட் தேங்கியிருக்கலாம்!