இறுகிய பிஸ்டனா, திருகு பிஸ்டனா?

பிரேக் பேட் மாற்றும்போது பின்சில்லுக் கலிப்பரின் பிஸ்டன் உள்ளே போக மறுத்தால் அது துருப்பிடித்து இறுகிவிட்டது, பெரிய கிளாம்ப் போட்டு அழுத்தினால் போகும் என்பது பரவலான நம்பிக்கை. பளை போன்ற ஊரில் இதற்கு நியாயமும் உண்டு. ஒருபுறம் களப்பு, மறுபுறம் கடல், தெற்கே ஆனையிறவு உப்பளம். உப்புக்காற்று இரும்பை என்ன செய்யும் என்று இங்கே யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஏ9 வீதியில் ஓடும் கார்களும் பெரும்பாலும் பழையவை. இலங்கையில் 2020 மார்ச்சில் நின்ற கார் இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. ஆகவே பழி முதலில் துருவின்மேல் விழுகிறது. ஆனால் பல கார்களில் அந்தப் பிஸ்டன் நேராக உள்ளே போகும்படி செய்யப்பட்டதே அல்ல.

முன்கலிப்பருக்கு ஒரே வேலைதான்: பிரேக் ஒயிலின் அழுத்தத்தில் பிஸ்டன் வெளியே வந்து பேட்டை டிஸ்க்கோடு சேர்த்து அமுக்கும். அதை ஜி கிளாம்பால் நேராகத் தள்ளிவிடலாம். மூன்றாம் தலைமுறை டொயோட்டா பிரியஸ் போன்றவற்றின் பின்கலிப்பருக்குப் பார்க்கிங் பிரேக் வேலையும் உண்டு. பிஸ்டனுக்குள் ஒரு மரையாணி இருக்கிறது. பேட் தேயத் தேய அந்த மரை தானே சுழன்று நீண்டு, இடைவெளி கூடாமல் பார்த்துக்கொள்ளும். நீண்ட மரையைச் சுழற்றித்தான் திருப்பி அனுப்ப முடியும். சும்மா அழுத்தினால் அந்த விசை முழுவதையும் மரையும் அதைச் சரிசெய்யும் பொறியுமே தாங்கவேண்டும். பிஸ்டன் அசையாது, அசைந்தால் உள்ளே ஏதாவது சிதைந்திருக்கலாம். பிறகு கால் பிரேக் வழக்கம்போலப் பிடிக்கும், பார்க்கிங் பிரேக் மட்டும் பிடிக்காது. பழுது கேபிளில்தான் என்று நினைத்து, பாவம், கேபிளை மாற்றுவார்கள்.

'எத்தனையோ கார்களில் அழுத்தியே மாற்றியிருக்கிறோமே' என்பவர்கள் பொய் சொல்லவில்லை. பிராடோவில் பின்டிஸ்க்கின் நடுக்கிண்ணத்துக்குள் பார்க்கிங் பிரேக்குக்கென்றே தனி ஷூக்கள் இருக்கின்றன. அங்கே கலிப்பர் பிஸ்டனை அழுத்தலாம். வகன் ஆரின் பின்சில்லில் டிரம்தான், பிஸ்டனைத் திருப்பும் கேள்வியே இல்லை. அந்தப் பழக்கத்தைப் பிரியஸுக்கும் கொண்டுபோவதுதான் பிழை. கலிப்பரின் பின்னால் கேபிளோடு ஒரு லீவரும் பிஸ்டன் முகத்தில் வெட்டுப் பள்ளங்களும் இருந்தால் அது திருகு பிஸ்டன். மூக்குக் குறட்டால் திருகினால் போதாதா என்றால், இலகுவாகச் சுழலும் பிஸ்டனுக்குப் போதும். ஆனால் குறடு வழுக்கினால் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரப்பர் பூட் கிழியும். அந்தக் கிழிசல் வழியாக உப்பு ஈரம் போய், இல்லாத துரு உண்மையிலேயே வந்து சேரும். அழுத்திக்கொண்டே சுழற்றும் கருவிதான் இதற்குச் சரி. பெரும்பாலும் வலஞ்சுழியாகத் திருகவேண்டும். சில கலிப்பர்களில் ஒரு பக்கம் எதிர்மரை வரும் என்பதால் கையேட்டைப் பார்ப்பது நல்லது. ஹொண்டா வெசல் போல மின்மோட்டர் பார்க்கிங் பிரேக் உள்ள கார்களில் முதலில் ஸ்கேனராலோ சேர்விஸ் முறையிலோ மோட்டரைப் பின்வாங்கச் செய்யவேண்டும். அதற்கு முன் அழுத்துவதும் திருகுவதும் கேடு. பிரியஸில் இன்னொரு வில்லங்கம்: கதவைத் திறந்தாலே பிரேக் பம்ப் விழித்து அழுத்தம் ஏற்றும். பிரேக் கட்டுப்பாட்டை முடக்காமல் கலிப்பரில் கைவைக்கக்கூடாது.

துருவால் இறுகும் பிஸ்டன்களும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அந்த முடிவுக்கு வருமுன் பார்க்கிங் பிரேக்கை விடுவித்து, கலிப்பர் லீவர் தன் நிறுத்தம்வரை திரும்புகிறதா என்று பார்க்கவேண்டும். அது பாதியில் நின்றாலும் பிஸ்டன் முழுதாக உள்ளே போகாது. லீவர் சரியாகத் திரும்பி, உரிய கருவியாலும் பிஸ்டன் சுழலாவிட்டால் கலிப்பரைக் கழற்றிப் பார்க்கலாம். சுழன்று உள்ளே போய்விட்டால், பேட்டின் பின்பக்க முளை பிஸ்டன் பள்ளத்தில் அமரும்படி கடைசித் திருப்பத்தை நிறுத்துங்கள்; அமராத பேட் ஒருபக்கமாகத் தேயும். காரை நகர்த்துமுன் பெடல் இறுகும்வரை மிதியுங்கள்.