சீரகம் கேட்டால் சோம்பு

திருநெல்வேலிப் பையன் மலாக்காவுக்கு வந்த முதல் வாரம் வைத்த ரசத்தில் பிரியாணி வாசம் அடித்தது. கரண்டியும் கையுமாக மாடியிலிருந்து இறங்கி வந்தான். "ஆன்ட்டி, உங்க ஊர்ச் சீரகத்துல என்னமோ கோளாறு."

பொட்டலத்தை வாங்கிப் பார்த்தேன். ஜிந்தான் மானிஸ். கோளாறு சீரகத்தில் இல்லை, அது சீரகமே இல்லை, சோம்பு. கடையில் ஜீரா என்று கேட்டிருக்கிறான். கடைக்காரப் பெண் எந்த ஜிந்தான் என்று கேட்க, இவன் பொதுவாகத் தலையாட்டியிருக்கிறான். ஜிந்தான் பூத்தே என்றால் சீரகம், ஜிந்தான் மானிஸ் என்றால் சோம்பு, ஜிந்தான் ஹீத்தாம் என்றால் கருஞ்சீரகம். வெள்ளை, இனிப்பு, கறுப்பு, அவ்வளவுதான் வித்தியாசம். இந்த மூன்று சொல் தெரியாததால் ஒரு சட்டி ரசம் சாக்கடைக்குப் போனது.

புக்கிட் பாருவில் என் வீட்டு மாடியில் இரண்டு அறைகளை மாணவர்களுக்கு வாடகைக்கு விடுகிறேன். மதுரை, யாழ்ப்பாணம், டாக்கா என்று எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். இன்னொரு பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்துப் பிள்ளைகள் படிக்க வெளியூர் போகிறார்கள். வருகிறவர்களின் பெற்றோரும் சரி, போகிறவர்களின் பெற்றோரும் சரி, சாப்பாட்டைப் பற்றிச் சில விஷயங்களை வேதவாக்காக நம்புகிறார்கள். அதில் பாதி தப்பு.

நம்பிக்கை: அங்கேதான் நம்ம ஆட்கள் இருக்காங்களே, சாப்பாட்டுக்கு என்ன குறை?

இதை இரண்டு பக்கமும் சொல்கிறார்கள். மலாக்காவில் தமிழர்கள் உண்டு, கோயில் உண்டு, பெண்டஹாரா சாலையில் லிட்டில் இந்தியா உண்டு என்று அங்கிருந்து அனுப்புகிறார்கள். இந்தியாவுக்குத்தானே போகிறாள், தோசைக்கா பஞ்சம் என்று இங்கிருந்து அனுப்புகிறார்கள்.

இந்தப் போக்குவரத்து எங்கள் ஊரில் நன்றாகவே பழகிய ஒன்று. 1997-இல் தொடங்கிய மலாக்கா மணிப்பால் மருத்துவக் கல்லூரியில் படிப்பே அப்படித்தான் அமைந்திருந்தது. முதல் இரண்டரை ஆண்டு கர்நாடகத்தில் உள்ள மணிப்பாலில், மிச்சம் மலேசியாவில். என் தம்பி மகள் அப்படிப் போனவள்தான். போன மூன்றாம் நாள் அழைத்தாள். "அத்தை, சாம்பார்ல வெல்லம் போடுறாங்க."

மணிப்பாலுக்கு உடுப்பி கூப்பிடு தூரம். உடுப்பிச் சாம்பாரில் தேங்காய் அரைத்து, வெல்லம் போட்டால்தான் அது சாம்பார். அங்கே சோறும் பெரும்பாலும் சிவப்புப் புழுங்கல் அரிசிதான். குற்றம் சொல்ல ஒன்றுமில்லை, அருமையான சமையல். ஆனால் அவள் ஏங்கியது இந்தியச் சாப்பாட்டுக்கு இல்லை. ஜாசினில் அவள் பாட்டி வைக்கும் சாடின் குழம்புக்கு.

அந்தச் சாடின் குழம்பின் பூர்வீகத்தைக் கொஞ்சம் கிளறலாம். சேவல் படம் போட்ட அந்தச் சாடின் மீன் டின்னை 'ஆயம் பிராண்டு' என்கிறோம். 1892-இல் சிங்கப்பூரில் வியாபாரம் தொடங்கிய குளுவே என்ற பிரெஞ்சுக்காரருடைய கம்பெனி அது. ஆயம் என்றால் மலாயில் கோழி. படத்தைப் பார்த்து ஜனங்கள் கோழி மார்க் என்று கேட்டுக் கேட்டு, அதுவே பெயராகிவிட்டது. பிரெஞ்சுக்காரர் விற்ற தக்காளிச் சாற்று மீனில் கறித்தூளும் புளியும் சேர்த்து, கறிவேப்பிலை தாளித்து, கித்தா மரத்தில் பால் வெட்டிவிட்டு வந்த பெண்கள் பதினைந்து நிமிடத்தில் இறக்கிய குழம்பு அது. நாகப்பட்டினத்தில் மலாயாவுக்கு ரஜூலா கப்பல் ஏறியபோது எங்கள் பாட்டன் பூட்டனுக்கு அதன் வாசனையே தெரியாது. இன்று என் தம்பி மகளுக்கு அதுதான் ஊர் ருசி.

தமிழர்கள் இருக்கும் இடத்தில் உங்கள் வீட்டுச் சாப்பாடு கிடைக்கும் என்று கணக்குப் போடக் கூடாது. கிடைப்பது அந்த ஊர்த் தமிழரின் சாப்பாடு. மதுரைப் பையனுக்கு எங்கள் சாம்பார் தண்ணீர், எங்கள் கோழிக் குழம்பில் தேங்காய்ப்பால் கூடுதல். பிள்ளையை அனுப்பும் முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: மனசு சரியில்லாத நாளில் நீ எதைச் சாப்பிடுவாய்? அந்த ஒரே பண்டத்தைச் செய்யக் கற்றுக்கொடுத்து அனுப்புங்கள், போதும். தம்பி மகள் மால்பே மீன்பிடித் துறைக்குப் போய்க் கருவாடு பார்த்து, நெத்திலி பொறுக்கி வந்து, பெலாச்சான் என்னும் இறால் விழுது இல்லாமலே ஒரு சம்பல் கிண்டினாள். அதற்கு அப்புறம்தான் அழுகை நின்றது.

நம்பிக்கை: பெட்டி நிறையக் கட்டிக் கொடுத்துவிட்டால் ஆறு மாதத்துக்குக் கவலையில்லை

கட்டலாம். கட்டக்கூடாத இரண்டை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

ஒன்று, பச்சைக் கறிவேப்பிலை. எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களைக் கொல்லும் ஒரு நோயைப் பரப்பும் சின்னப் பூச்சிக்குக் கறிவேப்பிலை மரம் தாய்வீடு மாதிரி. அதனால்தான் அமெரிக்க விமான நிலையத்தில் அதைப் பிடுங்கிக் குப்பையில் போடுகிறார்கள். ஆஸ்திரேலியாவும் இதில் கண்டிப்பு. அங்கே இறங்கும்போது தரும் அட்டையில் உணவுப் பொருள் உண்டு என்று எழுதிவிட்டால் பயமில்லை, ஆகாததை எடுத்துக்கொண்டு விட்டுவிடுவார்கள். மறைத்தால்தான் அபராதம். மலேசியாவுக்குள் பச்சைத் தாவரம் கொண்டுவரவும் அனுமதி வாங்க வேண்டும். அதற்கு 2011-ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. இங்கே கறிவேப்பிலைக்காக அவ்வளவு பாடு எதற்கு? எங்கள் தெருவில் நாலு வீட்டு வாசலில் மரம் நிற்கிறது.

இரண்டாவது, கசகசா. குருமாவுக்குப் போடுவதுதானே என்று நினைக்கிறோம். சிங்கப்பூரில் அதைப் போதைப்பொருள் சட்டத்தின் கண்கொண்டு பார்க்கிறார்கள், வளைகுடா நாடுகளில் இன்னும் மோசம். மலாக்காவுக்கு வரும் பிள்ளைகள் சிலர் டிக்கெட் மலிவு என்று சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து பஸ் பிடித்து வருகிறார்கள். அவர்கள் பெட்டியில் அம்மா அன்போடு வைத்த நூறு கிராம் கசகசா இருக்கலாம். முந்திரி அரைத்து விடுங்கள், குருமா கெட்டுப்போகாது.

பொடி, ஊறுகாய் எல்லாம் மூன்று மாதத்தில் தீர்ந்துவிடும். தீராதது பெயர்ப் பட்டியல்தான். என் மாடிச் சமையலறை ஐஸ்பெட்டிக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன். ஹல்பா வெந்தயம். கெத்தும்பார் மல்லி. பிஜி சாவி கடுகு. பெண்டி வெண்டைக்காய். பெரியா பாகற்காய். கடைசி வரியில் ஆசாம் ஜாவா புளி, ஆசாம் கெப்பிங் புளி அல்ல என்று சிவப்பு மையில் எழுதியிருக்கிறேன். அந்தக் கெப்பிங் காய்ந்த பழத்துண்டு, மலையாளிகளின் குடம்புளிக்கு ஒன்றுவிட்ட தம்பி. மீனுக்கு அமிர்தம், சாம்பாருக்கு ஆகாது.

வருகிற பிள்ளைகளுக்கு ஒரு ஆறுதலும் சொல்வேன். இங்கே கடையைக் கெடாய் என்பார்கள், ஆப்பத்தை அப்பாம் என்பார்கள், முருங்கையை மெருங்காய் என்பார்கள். பாதிச் சொல் நமக்கு முன்னாலேயே கப்பலேறி வந்துவிட்டது.

நம்பிக்கை: கறித்தூள் சோம்பேறிகளின் சமையல், வெள்ளைக்காரன் கண்டுபிடித்தது

லண்டன் பிக்காடிலியில் 1784-லேயே கறித்தூளுக்குப் பத்திரிகை விளம்பரம் வந்தது வாஸ்தவம்தான். ஆனால் தோட்டத்து வீடுகளில் கறித்தூள் நிலைத்ததற்குக் காரணம் வேறு. விடியும் முன்னே பெயர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் நிற்க வேண்டும், பால் எடுத்து நிறுத்துக் கொடுத்துவிட்டு வீடு திரும்ப மதியம் ஆகிவிடும். அதற்கு மேல் அம்மியில் உட்கார யாருக்குத் தெம்பு இருக்கும்? அதனால் மல்லி, மிளகாய், மஞ்சள், சோம்பு, சீரகம், மிளகு எல்லாம் காய வைத்து மில்லுக்குப் போயின. பிறகு பாபாஸ், அழகப்பாஸ் பாக்கெட்டுகள் வந்தன. மீனுக்கு ஒன்று, இறைச்சிக்கு ஒன்று என்று தனித்தனித் தூள் வைத்திருப்பதைப் பார்த்துத் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் வியக்கிறார்கள்.

வெளியூர் போகும் பிள்ளைக்கு இதைவிடத் தோதான சாமான் கிடையாது. தூள் கசக்கிறது என்று சொல்கிறவர்கள் அதை நேராக எண்ணெயில் கொட்டுகிறார்கள், அதுதான் பிழை. என் அம்மா செய்ததைச் சொல்கிறேன். ஒரு மங்கில் மூன்று கரண்டி தூள், கொஞ்சம் தண்ணீர், விரலால் குழைத்துத் தோசை மாவைவிடக் கெட்டியாக வைத்துக்கொள்வாள். சட்டியில் எண்ணெய், பட்டை, அன்னாசிப்பூ, வெங்காயம், கறிவேப்பிலை. வெங்காயம் நிறம் மாறியதும் அடுப்பைக் குறைத்து அந்த விழுதைப் போடுவாள். முதலில் எண்ணெயை எல்லாம் விழுது குடித்துவிடும். பயந்து தண்ணீர் ஊற்றக் கூடாது. கிளறிக்கொண்டே இருந்தால் ஐந்தாறு நிமிடத்தில் குடித்த எண்ணெயை அது திருப்பிக் கக்கும், ஓரத்தில் சிவப்பாக மிதக்கும். அதற்குப் பிறகுதான் கறியோ கோழியோ உள்ளே போகும். வெளிநாட்டு மாணவர் விடுதிக்கு இன்னொரு லாபமும் உண்டு. கடுகு வெடிக்காது, காய்ந்த மிளகாய் நெடி ஏறாது, கூரையில் இருக்கும் புகை மணி அலறாது.

நம்பிக்கை: 'சாயூர்' என்று கேட்டால் சைவம் கிடைக்கும்

கிடைக்காது. சாயூர் என்றால் காய்கறி, அவ்வளவுதான். கங்கோங் பெலாச்சான் கீரைதான், ஆனால் அதன் உயிரே இறால் விழுது. கத்திரிக்காய்ச் சம்பலுக்குள் நெத்திலி படுத்திருக்கும். சீனர் சைவக் கடைகளில் மீனும் இறைச்சியும் கிடையாது, பல கடைகளில் வெங்காயம் பூண்டுகூடக் கிடையாது. அங்கே தட்டில் கோழி மாதிரி இருப்பது சோயா. பயந்து எழுந்து ஓடிய கும்பகோணத்துப் பெண்ணை நான்தான் திரும்பக் கூட்டிவந்து உட்கார வைத்தேன்.

நம்பிக்கை: நேற்றுச் சோற்றை நன்றாகக் கொதிக்க வைத்தால் ஒன்றும் ஆகாது

இதில்தான் எனக்குக் கோபம் வரும். பரீட்சை நேரத்தில் பிள்ளைகள் இரவு சோறு வடித்து மூடி வைத்துவிட்டு, மறுநாள் மதியம் அதையே முட்டை போட்டுக் கிளறிச் சாப்பிடுகிறார்கள். சோற்றில் பேசில்லஸ் சீரியஸ் என்றொரு கிருமியின் விதைகள் இருக்கும். சோறு வேகும் சூட்டிலும் அவை சாகாது. மலாக்கா வெயிலில் சோறு வெளியே கிடந்தால் முளைத்துப் பெருகி நஞ்சைக் கக்கும். வாந்தி எடுக்க வைக்கும் அந்த நஞ்சு கொதிக்க வைத்தாலும் அழியாது. ஆக, மறுநாள் சூடு பண்ணுவது பரிகாரம் இல்லை. வடித்த சோற்றை அகலமான தட்டில் பரப்பி ஆறவிட்டு, ஒரு மணி நேரத்துக்குள் ஐஸ்பெட்டியில் வைத்துவிட வேண்டும். பாட்டி பழைய சோறு வைக்கவில்லையா என்று கேட்பார்கள். அது தண்ணீர் ஊற்றிப் புளிக்க வைத்தது. அந்தப் புளிப்பு கிருமிக்கு ஒத்துக்கொள்ளாது. ரைஸ் குக்கரில் மறந்துபோன சோறு பழைய சோறு ஆகாது.

நஞ்சைப் பற்றிப் பேசும்போதே, மெதுவாக வேகவைக்கும் மின்சட்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: சிவப்பு ராஜ்மாவை அதில் நேராகப் போடாதீர்கள். இரவு ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் பத்து நிமிடமாவது தளதளவென்று கொதிக்கவிட்ட பிறகே சட்டிக்குப் போக வேண்டும். அரைவேக்காட்டு ராஜ்மா பச்சை ராஜ்மாவைவிடக் கெடுதல்.

நம்பிக்கை: இட்லி மாவு குளிர்நாட்டில் புளிக்காது, ஈஸ்ட் போட வேண்டும்

வேண்டாம். புளிக்க வைக்கும் நுண்ணுயிர் உளுந்திலேயே இருக்கிறது, அதற்குக் கதகதப்பு போதும். ஓவனை மூட்டாமல் உள்விளக்கை மட்டும் எரியவிட்டு மாவை உள்ளே வைத்தால் காலையில் பொங்கியிருக்கும். இங்கே மலாக்காவில் கதை தலைகீழ். ராத்திரி பத்து மணிக்கு வைத்தால் விடியும் முன் பாத்திரத்தை விட்டு வெளியே நடந்து வந்துவிடும்.

நம்பிக்கை: பெலாச்சானும் பண்டான் இலையும் சேர்ந்தால் அது தமிழ்ச் சமையலே இல்லை

காஜா பேராங் பக்கம் செட்டிகள் கிராமம் இருக்கிறது. மலாக்கா சுல்தான்கள் காலத்தில் வணிகம் செய்ய வந்து, இங்கேயே மணம் முடித்துத் தங்கிவிட்ட தமிழ் வணிகர்களின் வழிவந்தவர்கள். வீட்டில் பேசுவது மலாய். பெண்கள் கட்டுவது சாரோங், கெபாயா. ஆனால் துக்காங் எமாஸ் தெருவில் 1781-இல் எழுந்த பொய்யாத விநாயகர் கோயில் அவர்களுடையது. போகிக்கு முன்னோருக்குப் படைக்கிறார்கள். படையலில் மலாய்க் கைப்பக்குவமும் இருக்கும், நம் வழக்கமும் இருக்கும். பழகிய சாப்பாட்டை வேற்றூரில் நமக்கு முன்னாலேயே தேடியவர்கள் அவர்கள். கிடைக்காததற்கு அழுதுகொண்டிருந்திருந்தால் ஐந்நூறு வருடம் தாக்குப்பிடித்திருக்க முடியுமா?

திருநெல்வேலிப் பையன் சீரகத்தில் பாடம் படித்த பிறகும் விடவில்லை. அடுத்த மாதம் இடியாப்பம் செய்கிறேன் என்று தெப்போங் பூலூட் மூன்று பாக்கெட் வாங்கி வந்துவிட்டான். தெப்போங் பெராஸ்தான் அரிசி மாவு, பூலூட் என்றால் ஒட்டும் அரிசி. பிசைந்து அச்சில் போட்டு அழுத்தினான். மாவு இறங்கவில்லை, அச்சுக்கும் கைக்குமாகப் பசை போல ஒட்டிக்கொண்டு இழுத்தது. அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டுச் செட்டி அம்மா ஏதோ வாங்க வந்தார். பார்த்துவிட்டுச் சிரித்தார். கையைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்தவர், அந்த மாவிலேயே பண்டான் சாறு விட்டுப் பிசைந்து, எலுமிச்சை அளவு உருட்டி, நடுவில் குலா மலாக்கா என்ற தென்னங்கருப்பட்டித் துண்டு ஒன்றை வைத்து மூடி, கொதிக்கும் தண்ணீரில் போட்டார். உருண்டைகள் ஒவ்வொன்றாக மேலே வந்து மிதந்தன. அள்ளித் தேங்காய்ப்பூவில் புரட்டினார். "புவா மலாக்கா" என்றார்.

பையன் ஒன்றை வாயில் போட்டான். உள்ளே உருகியிருந்த கருப்பட்டி நாக்கில் உடைந்திருக்க வேண்டும், கண்ணை மூடிக்கொண்டான். "ஆன்ட்டி, இது எங்க அம்மா பண்ற கொழுக்கட்டை" என்றான். பச்சையாக இருக்கிறதே என்றேன். பதில் சொல்லாமல், மீதி இரண்டு பாக்கெட்டையும் எண்ணி எடுத்து அலமாரியில் தன் தட்டில் வைத்தான்.