கார் அமுங்கும்போது அளவெடும்

அன்புள்ள தம்பி,

வட்ஸ்அப்பில் நீர் அனுப்பிய படம் கிடைத்தது. வெள்ளவத்தை ஒழுங்கைக்குள் பின்னேர வெயிலில் நிலத்தோடு பதிந்து நிற்கிறது ஒரு சிவப்பு டொயோட்டா 86. டயருக்கும் மட்கார்டுக்கும் இடையில் இரண்டு விரல் போகும். கீழே ஒரு வரி: “அண்ணை, 17க்கு 9, பிளஸ் 35 செட் ஒன்று வந்திருக்கு, போடலாமோ?”

ஒரு சொல்லில் பதில் அனுப்பியிருக்கலாம். ஆனால் இதே கேள்வியோடு போன மாதம் மட்டும் மூன்று பொடியன்கள் என்னுடைய கொட்டாஞ்சேனைக் கடைக்கு வந்துவிட்டார்கள். மூன்று பேரும் உம்மைப் போல இப்போதுதான் தனியாகக் கடை திறந்தவர்கள். அவர்களும் வாசிக்கட்டும் என்றுதான் இதை எல்லாருக்கும் தெரிய எழுதுகிறேன்.

படத்தில் கார் நிற்கிறது. எனக்கு முதலில் உறுத்தியது அதுதான். அந்த இரண்டு விரல் இடைவெளி, கார் நிற்கும்வரைக்கும் இருக்கிற இடைவெளி. நாலு பேரை ஏற்றிக்கொண்டு, மழைக்குள், தண்ணீர் மூடின கிடங்கு ஒன்றில் இடது முன் சில்லு இறங்கும்போது அந்த இடைவெளி எங்கே போகும்? நாங்கள் சில்லு தெரிய வேண்டியது அந்த நேரத்துக்கு.

முதலில் கணக்கு. ரிம்மின் அகலத்தைச் சரிபாதியாக வெட்டுகிற ஒரு கோட்டை நினைத்துக்கொள்ளும். ஹப்பில் போய் உட்காருகிற முகம் அந்தக் கோட்டிலிருந்து எத்தனை மி.மீ. வெளிப்பக்கமாக இருக்கிறதோ அதுதான் பிளஸ் ஒஃப்செட். இலக்கம் குறையக் குறையச் சில்லு வெளியே வரும். இதுவரைக்கும் எல்லாருக்கும் தெரியும். பிழை விடுவது அடுத்த படியில். “48 இருந்தது, இப்போது 35, பதின்மூன்று மில்லிதானே வெளியே வரும்” என்று பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடையில் யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டு வராதேயும். அகலம் கூடினதை அவர் சேர்க்கவில்லை.

86 கம்பனியிலிருந்து வந்தது 17க்கு 7, பிளஸ் 48 ரிம்மோடு. ஏழு அங்குலம் 177.8 மி.மீ., பாதி 88.9. அதில் 48ஐக் கழித்தால் ஹப்புக்கு வெளியே 40.9, கூட்டினால் உள்ளே 136.9. இனி உம்முடைய ஒன்பது அங்குலம்: 228.6, பாதி 114.3. வெளியே 79.3, உள்ளே 149.3. ஆக வெளிவிளிம்பு 38.4 மி.மீ. வெளியே வருகிறது, உள்விளிம்பு 12.4 மி.மீ. உள்ளே போகிறது. பதின்மூன்று எங்கே, முப்பத்தெட்டு எங்கே! ஒரு கடதாசித் துண்டும் பேனையும் இருந்தால் ஒரு நிமிட வேலை. அந்த நிமிடத்தைச் செலவழிக்காதவர்கள் பிறகு மட்கார்டை வெட்டுகிறார்கள்.

வெளியே வருவதைக் கண்ணால் பார்க்கலாம், அதனால் எல்லாரும் அதைப் பற்றியே கதைப்பார்கள். எனக்குப் பயம் உள்ளே போகிற 12 மில்லியில். 86இன் முன்பக்கம் மக்ஃபர்சன் ஸ்ட்ரட். ஷொக் சில்லுக்குப் பக்கத்திலேயே நிமிர்ந்து நிற்கும். கொயில்ஓவர் போட்டுப் பதித்த காரில் ஸ்பிரிங் உட்காருகிற தட்டும் கீழே இறங்கி டயரின் தோளுக்கு நேரே வந்திருக்கும். அங்கே டயர் உரசினால் சத்தம் பெரிதாகக் கேட்காது. உள்பக்கச் சுவர் வட்டமாகத் தேய்ந்துகொண்டே போகும். வாடிக்கையாளர் குனிந்து பார்க்கிற இடமும் அது இல்லை. ஸ்ட்ரட்டுக்கும் டயருக்கும் இடையில் 5 மி.மீ.க்குக் குறைய நான் விடுவதில்லை. இது புத்தகத்து விதி இல்லை, என்னுடைய பிடிவாதம்.

ஹப்புக்கு வருவோம். இதில் நான் பட்ட பாட்டைச் சொல்லத்தான் வேண்டும். 86 டொயோட்டாவின் பெயரில் 2012இல் வந்தாலும், சுபாருவோடு சேர்ந்து செய்த கார், சுபாருவின் தொழிற்சாலையில் பிறந்த கார். அதன் பி.சி.டி., அதாவது ஸ்டட்டுகள் நிற்கிற வட்டத்தின் அளவு, 5க்கு 100. கொழும்பில் தடுக்கி விழுந்தால் ப்ரியஸ் மேல்தான் விழவேண்டும். மூன்றாம் தலைமுறை ப்ரியஸுக்கும் 5க்கு 100. அதன் 17 அங்குல ரிம் 7 அகலம், பிளஸ் 50. டயர்கூட அதே 215/45. முதல் தடவை ஒரு 86 என்னிடம் வந்தபோது, கடையில் கிடந்த ப்ரியஸ் செட்டைக் காட்டி, “இது கண்ணை மூடிக்கொண்டு போகும்” என்று சொன்னேன். கண்ணை மூடியதுதான் பிழை. ப்ரியஸ் ரிம்மின் நடு ஓட்டை 54.1. 86இன் ஹப் 56.1. ஐந்து ஸ்டட்டும் அழகாக உள்ளே போயின, ரிம் மட்டும் ஹப்பின் உதட்டில் முட்டிக்கொண்டு முகத்தோடு சேராமல் நின்றது.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. வேறு ரிம் எடுத்துப் போட்டபோது, “டொயோட்டாதானே” என்று டொயோட்டா நட்டை எடுத்துக் கொடுத்தேன். டொயோட்டாவின் 12 மி.மீ. ஸ்டட்டுக்கு மரை 1.5. இந்தக் காருக்குச் சுபாரு மரை, 1.25. நட் இரண்டு சுற்று கையால் போய், பிறகு இறுகியது. கடைப் பொடியன் ஊத்தை என்று நினைத்து ஏர் கன்னை வைத்தான். மூன்று ஸ்டட் போய்விட்டது. காசு என் கையிலிருந்து. அன்றிலிருந்து எந்தக் காராக இருந்தாலும் நட்டைக் கையால் கடைசிவரை ஓட்டிப் பார்க்காமல் கன் தொடக்கூடாது என்பது இங்கே சட்டம். கடைசி இறுக்கம் டோர்க் ரெஞ்சில், 86க்கு 120 நியூட்டன் மீட்டர். நூறு கிலோமீட்டர் ஓடிவிட்டு வந்து திரும்ப ஒருக்கால் பார்க்கச் சொல்லும். வரமாட்டார்கள், நீர் போன் எடும்.

மறுபக்கமும் உண்டு. வெளியில் விற்கிற அலோய் பலதுக்கு நடு ஓட்டை 73.1 இருக்கும், எல்லாக் காருக்கும் விற்கவேண்டுமே. அதற்கு 56.1 வளையம் போட்டால்தான் சில்லு நடுவில் உட்காரும். இல்லாவிட்டால் எண்பதில் ஸ்டியரிங் நடுங்கும்; நீர் பலன்ஸ் எடுத்து எடுத்துக் களைத்துப்போவீர். உம்முடைய கடை மரைன் டிரைவுக்குக் கிட்ட. அலுமினிய வளையம் உப்புக் காற்றில் ஹப்போடு ஒட்டிக்கொள்ளும், மெல்லிசாகக் கிறீஸ் தடவிப் போடும்.

டயர் விஷயத்தில் நுவரெலியாக்காரரிடம் ஒன்று கற்கலாம். 1934 முதல் நடக்கிற மஹகஸ்தோட்ட மலையேற்றப் பந்தயத்துக்குப் போகிறவர்களைக் கேட்டுப்பாரும். முதலில் டயரைத் தெரிவார்கள், பிறகுதான் அதற்குப் பொருந்துகிற ரிம்மைத் தேடுவார்கள். இங்கே தலைகீழ். ஒன்பது அங்குல ரிம்மை வாங்கிவிட்டு, அது மட்கார்டுக்குள் அடங்கவேண்டும் என்று 215 டயரை இழுத்து மாட்டுகிறார்கள். டயரின் தோள் சரிந்து ரிம்மின் உதடு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். நடைபாதைக் கல்லில் முதலில் படுவது அந்த உதடுதான்.

18 அங்குலம் கேட்டு வருபவர்களுக்கு ஒரு கணக்கை மட்டும் காட்டும். 215/45–17இன் மொத்த உயரம் ஏறத்தாழ 625 மி.மீ. 215/40–18 போட்டால் 629. உயரம் கிட்டத்தட்ட அதே. ஆனால் ரிம்முக்கும் தார் வீதிக்கும் இடையில் இருக்கிற இறப்பர் 97இலிருந்து 86 மி.மீ. ஆகிவிடும். துறைமுகத்துக்குப் போகிற கொள்கலன் லொறிகள் உழுது வைத்த எங்கள் பக்கத்து வீதிகளில் அந்தப் பதினொரு மில்லிக்கு விலை உண்டு. மாதாமாதம் எத்தனை நெளிந்த ரிம் என் கடைக்கு வருகிறது என்று வந்து பாரும். அநேகமாக எல்லாம் உள்விளிம்பில் நெளிந்தவை.

அந்தப் பிளஸ் 35 செட் பழையதா புதியதா என்று நீர் எழுதவில்லை. 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தார்கள். அந்த ஐந்து வருடமும் இருந்த கார்களுக்குள்ளேயே ரிம்கள் கைமாறிக்கொண்டிருந்தன. ஒட்டின ரிம்முக்குப் பெயின்ட் அடித்தால் முன்னாலிருந்து பார்க்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. ஆகவே டயர் ஏற்ற முதல் வெறும் ரிம்மை பலன்ஸ் மெஷினில் சுழற்றி, உள் உருளையில் விரலை வைத்துத் தடவும். வெல்டிங் தழும்பு விரலுக்குத் தெரியும். ஜே.டபிள்யூ.எல்., வி.ஐ.ஏ. முத்திரைகளையும் தேடும்; யப்பானிய சோதனையின் அடையாளம் அவை. போலி ரிம் செய்கிறவர்கள் முத்திரையையும் வார்த்துவிடுகிறார்கள் என்பது வேறு கதை. ரேய்ஸ் கம்பனியின் டீ.ஈ.37 ரிம்முக்கு அந்தப் பெயர் வந்தது 15க்கு 6 ரிம் ஒன்று 3.7 கிலோ நிறுத்ததால். அதே முகத்தோடு அதைவிட எத்தனையோ பாரமான வார்ப்பு ரிம்களை நான் தூக்கியிருக்கிறேன். தராசு ஒன்று வாங்கி வையும்.

இனி, அமுங்கின நேரத்தை எப்படி அளப்பது என்பது. பலருக்குச் சோம்பல் வருகிற இடம் இது, நான் விடாப்பிடியாக நிற்கிற இடமும் இதுதான். கொயில்ஓவரிலிருந்து ஸ்பிரிங்கைக் கழற்றும். ஷொக்கை மட்டும், பம்ப் ஸ்டொப்போடு, திரும்ப மாட்டும். சில்லைப் பூட்டி, ஹப்புக்குக் கீழே ஜாக்கை வைத்து, பம்ப் ஸ்டொப் நசுங்கும்வரை மெதுவாக உயர்த்தும். கார் அதன் வாழ்நாளில் போகக்கூடிய ஆகக் கூடின அமுக்கம் அது. பிள்ளைகள் விளையாடுகிற பிளாஸ்டிசினை நீளமாக உருட்டி மட்கார்ட் விளிம்பிலும் ஸ்ட்ரட்டிலும் உள் பிளாஸ்டிக்கிலும் ஒட்டும். ஸ்டியரிங்கை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை திருப்பும். பிறகு கழற்றி, நசுங்கின பிளாஸ்டிசினின் தடிப்பை அளந்து எழுதிவையும். நாலு மூலைக்கும் அரை நாள் போகும். அதற்கும் சேர்த்துக் கூலி கேளும், வெட்கப்படாதேயும்.

இதைச் செய்யும்போது ஒன்று கவனிப்பீர். 86இன் பின்பக்கம் இரட்டை விஷ்போன். அமுங்க அமுங்கச் சில்லின் தலை உள்ளே சாயும், மட்கார்டுக்குத் தானாக வழிவிடும். முன்பக்க ஸ்ட்ரட் அப்படி வழிவிடாது. காரை அளவுக்கு மிஞ்சிப் பதித்துக் கீழ்க் கையே மேல்நோக்கிச் சாய்ந்துவிட்டால், அமுங்கும்போது சில்லின் தலை வெளியே வரவும் பார்க்கும். பின்னால் பொருந்துகிற ரிம் முன்னாலும் பொருந்தும் என்று நினைக்கக்கூடாது என்பதற்குக் காரணம் அது. எல்லாம் முடிந்த பிறகு அலைன்மென்ட். கெம்பரை, சில்லின் சாய்வை, பற்றி எல்லாரும் கதைப்பார்கள். டயரின் உள்பக்கத்தைச் சீக்கிரம் தின்பது பெரும்பாலும் பிழைத்த டோ, அதாவது சில்லின் முன்பக்கம் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கிற அளவு.

மட்கார்ட் விளிம்பை மடித்துவிடலாம் என்று கேட்பார்கள். பெயின்டைச் சூடாக்கி, பொறுமையாக மடித்தால் வரும். ஆனால் அந்த மடிப்பில் பெயின்ட் மயிரிழையாக வெடித்தாலும் கடற்காற்று தன் வேலையைத் தொடங்கிவிடும். இப்போதைய வரியில் இன்னொரு 86 வாங்குவது லேசுப்பட்ட காரியமா?

எனக்கு இந்தப் பயம் படித்து வந்ததில்லை. தொண்ணூறுகளில் என்னிடம் ஒரு ஈபி82 ஸ்டார்லெட் இருந்தது. அகல ரிம், வெட்டின ஸ்பிரிங், நான்தான் வெட்டினேன். நிற்கும்போது அப்படி ஒரு வடிவு. ஓர் இரவு மூன்று சிநேகிதர்களை ஏற்றிக்கொண்டு காலி வீதியில் போனேன். வெள்ளவத்தைக் கால்வாய்ப் பாலத்தில் ஏறி இறங்கின இடத்தில் பின்னால் கத்தரிக்கோலால் துணி வெட்டின மாதிரி ஒரு சத்தம். இறங்கிப் பார்த்தால், மட்கார்ட் உதடு டயரின் தோளை ஒரு சாண் நீளத்துக்குச் சீவியிருந்தது. பின்னால் வந்த பஸ் எங்களை விலத்திப் போனதற்கு அந்தச் சாரதியின் பிரேக்தான் காரணம். என் கெட்டித்தனம் இல்லை.

உம்முடைய கேள்விக்குப் பதில்: அந்த செட்டை விட்டுவிடும். 17க்கு 8, பிளஸ் 45 தேடும். வெளியே 15.7 மி.மீ. வரும், உள்ளே 9.7 போகும். 215/45 அதிலே இழுபடாமல் உட்காரும். படத்தில் அவ்வளவு ஆக்ரோஷமாக இராது, காருக்குச் சொந்தக்காரப் பொடியன் கொஞ்சம் முகம் சுழிப்பான். அப்படியும் 9தான் வேண்டும் என்று நின்றால், என் கணக்கையும் நம்பவேண்டாம், உம்முடைய கண்ணையும் நம்பவேண்டாம். ஞாயிற்றுக்கிழமை காலமை காரை இங்கே கொண்டு வாரும். 86இன் பின் ஆசனத்தில் மனிதர் இருக்க இடமில்லைதான். பக்கத்துக் கடையில் ஐம்பது கிலோ சீமெந்து மூட்டை இரண்டு சொல்லிவைக்கிறேன், பிளாஸ்டிசின் நீர் வாங்கி வாரும்.

அன்புடன்,
கொட்டாஞ்சேனை அண்ணை