குறி பார்த்தலின் இயற்பியல்

துப்பாக்கி சுடுவதில் வல்லவர் யார்? ஒலிம்பிக் பந்தயத்தில் பதக்கம் வெல்லும் வீரரா? போர்க்களத்தில் நிற்கும் சிப்பாயா? அல்லது மலைச் சரிவில் மானைப் பின்தொடர்ந்து செல்லும் வேட்டைக்காரரா? மூவரும் குறி பார்த்துத்தான் சுடுகின்றனர். மூவருடைய குண்டுகளும் நியூட்டனின் விதிகளுக்குக் கட்டுப்பட்டே பறக்கின்றன. எனினும் 'குறி தவறாமை' என்ற சொல்லுக்கு மூவரும் கொள்ளும் பொருள் வேறு வேறு. அந்த வேறுபாட்டை ஆராய்ந்தால், பிழைகளைப் பற்றியும் நிகழ்தகவைப் பற்றியும் நாம் வகுப்பில் படிப்பவை தெளிவாக விளங்கும்.

கோணமே அளவுகோல்

'என் குண்டு மையத்திலிருந்து 5 செ.மீ. தள்ளிப் பட்டது' என்று ஒருவர் சொன்னால், அவர் நன்றாகச் சுட்டாரா இல்லையா என்று நம்மால் கூற இயலாது. 5 மீட்டர் தொலைவில் அது மோசமான சூடு. 500 மீட்டர் தொலைவில் அது வியக்கத்தக்க சூடு. எனவே விலகலைத் தொலைவால் வகுத்துக் கோணமாகக் கூறுவதே முறை. 1,000 மீட்டர் தொலைவில் 1 மீட்டர் அகலமுள்ள பொருள் நம் கண்ணில் தாங்கும் கோணம் 1 மில்லி ரேடியன். அதாவது 100 மீட்டரில் 10 செ.மீ.

இந்த அளவுகோலால் மூவரின் இலக்குகளையும் அளப்போம். 2008ஆம் ஆண்டு பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அபிநவ் பிந்த்ரா தங்கம் வென்ற போட்டி, 10 மீட்டர் ஏர் ரைபிள். அந்த இலக்கின் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் அரை மில்லிமீட்டர்தான். ரவையின் விட்டம் 4.5 மி.மீ. ரவையின் ஓரம் வட்டத்தைத் தொட்டாலே பத்துப் புள்ளி உண்டு. ஆகவே ரவையின் மையம் 5 மி.மீ. விட்டமுள்ள ஒரு வட்டத்துக்குள் செல்ல வேண்டும். 10 மீட்டரில் 5 மி.மீ. என்பது 0.5 மில்லி ரேடியன். பன்னாட்டு 300 மீட்டர் ரைபிள் போட்டியில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 10 செ.மீ.; அதாவது சுமார் 0.33 மில்லி ரேடியன்.

பிரிட்டனில் மான் வேட்டைக்கான முதல்நிலைச் சான்றிதழ் பெற விரும்புவோர், 100 மீட்டர் தொலைவில் மூன்று குண்டுகளை 10 செ.மீ. வட்டத்துக்குள் சுட்டுக் காட்ட வேண்டும். இது 1 மில்லி ரேடியன். அப்படியானால் வேட்டைக்காரரின் சோதனை, பந்தய வீரரின் சோதனையைவிட இரண்டு மூன்று மடங்கு எளிது என்றல்லவா ஆகிறது? கோணத்தை மட்டும் பார்த்தால் அப்படித்தான். ஆனால் இவர்கள் விடை தேடும் கேள்விகள் ஒன்றல்ல.

பந்தய வீரரின் கேள்வி: மொத்தம் எவ்வளவு?

பந்தய மைதானத்தில் தொலைவு முன்கூட்டியே அளந்து வைக்கப்பட்டிருக்கும். இங்கிலாந்தில் பிஸ்லி என்னும் இடத்தில் 1890 முதல் நடைபெற்று வரும் புகழ்பெற்ற போட்டிகளில், இறுதிச் சுற்று 900, 1,000 கஜத் தொலைவுகளில் (823 மீ., 914 மீ.) நடக்கும். காற்றின் திசையைக் காட்டக் கொடிகள் பறக்கும். கணக்கில் சேரும் குண்டுகளுக்கு முன் சோதனைக் குண்டுகள் சுட்டுப் பார்க்கலாம். அவை இடப்பக்கம் விலகினால் குறிகாட்டியைத் திருத்திக்கொள்ளலாம். எல்லாக் குண்டுகளும் ஒரே பக்கமாக விலகுவது முறையான பிழை. அதைக் கண்டறிந்து நீக்க வீரருக்கு வாய்ப்பு உண்டு. எஞ்சுவது ஒழுங்கற்ற பிழையான சிதறல் மட்டுமே. ஒரு குண்டு சற்று விலகினால் ஓரிரு புள்ளிகள் குறையும், அவ்வளவே.

சிப்பாயின் கேள்வி: ஒன்றாவது படுமா?

முதல் உலகப் போருக்கு முன் பிரிட்டிஷ் காலாட்படை வீரர்களுக்கு 300 கஜத் தொலைவிலுள்ள இலக்கை நோக்கி ஒரு நிமிடத்தில் 15 முறை சுடும் பயிற்சி இருந்தது. துல்லியத்தோடு வேகமும் அங்கு வேண்டும். ஏன் என்பதை ஒரு கணக்கால் அறியலாம். ஒரு குண்டு இலக்கில் படும் நிகழ்தகவு 1/5 என்று கொள்வோம். தவறும் நிகழ்தகவு 4/5. பத்துக் குண்டுகளும் தவறும் நிகழ்தகவு, 0.8ஐப் பத்து முறை பெருக்கக் கிடைப்பது, சுமார் 0.11. ஆகவே ஒன்றாவது படும் நிகழ்தகவு 0.89! சுமாரான குறி உடையவரும் பல முறை சுட்டால் காரியம் முடிகிறது.

அக்கால லீ-என்ஃபீல்டு ரைபிளின் பக்கவாட்டில் 2,800 கஜம் (2,560 மீ.) வரை அளவு குறித்த ஒரு குறிகாட்டி இருந்தது. அவ்வளவு தொலைவில் தனி மனிதனைக் குறி வைக்க இயலாது. ஒரு பிரிவு வீரர்கள் அனைவரும் சேர்ந்து ஒரு பரப்பின் மீது சுடவே அது பயன்பட்டது. இங்குச் சிதறல் குறையன்று. பரப்பை நிரப்பும் கருவி. 1952இல் அமெரிக்காவில் நார்மன் ஹிட்ச்மன் அளித்த ஓர் ஆய்வறிக்கையும், போர்க்கள ரைபிள் சூடு பெரும்பாலும் 300 கஜத்துக்குள்ளேயே நிகழ்கிறது என்றும், திட்டமிட்ட அளவில் சிதறும் குண்டுகள் அதிகப் பலன் தரும் என்றும் எடுத்துரைத்தது.

வேட்டைக்காரரின் கேள்வி: இந்த ஒன்று படுமா?

ஸ்காட்லாந்தின் மலைநாட்டில் செம்மான்கள் ஏராளம். அவற்றை உண்டு வாழ்ந்த ஓநாய்கள் அங்கு அழிந்து சில நூற்றாண்டுகள் ஆகிவிட்டன. மான்கள் பெருகினால் மரக்கன்றுகளை மேய்ந்து தீர்த்துவிடும். காடு மீண்டும் வளராது. ஆகவே ஆண்டுதோறும் சட்டப்படி குறிப்பிட்ட எண்ணிக்கையில் அவை சுடப்படுகின்றன. (நம் நாட்டில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் மான் வேட்டையைக் குற்றமாக்கியுள்ளது என்பதை மாணவர்கள் நினைவில் கொள்க.)

மானின் மார்பில் இதயமும் நுரையீரலும் உள்ள பகுதியில் குண்டு பட்டால் அது விரைவில் உயிர் விடும். வயிற்றிலோ காலிலோ பட்டால், காயத்தோடு ஓடிப் பல மணி நேரம் துன்புறும். 'பத்தில் ஒன்பது முறை சரியாகப் படும்' என்பது சிப்பாய்க்குப் போதும். இங்கோ அந்தப் பத்தாவது முறை என்பது ஓர் உயிரின் வேதனை. எனவேதான் சட்டம் குண்டின் ஆற்றலுக்கும் கீழ்வரம்பு வைத்துள்ளது. 1985ஆம் ஆண்டு ஸ்காட்லாந்து ஆணையின்படி, செம்மானைச் சுடும் குண்டு குழலைவிட்டு வெளிவரும்போது வினாடிக்குச் சுமார் 747 மீ. வேகமும், சுமார் 2,370 ஜூல் ஆற்றலுமாவது பெற்றிருக்க வேண்டும். 10 கிராம் குண்டு வினாடிக்கு 800 மீ. வேகத்தில் சென்றால் அதன் இயக்க ஆற்றல் எவ்வளவு? ½ × 0.01 × 800 × 800 = 3,200 ஜூல். வரம்பைத் தாண்டிவிடுகிறது.

ஆற்றல் இருந்தால் மட்டும் போதுமா? வேட்டைக்காரருக்குச் சோதனைக் குண்டு கிடையாது. சத்தம் கேட்டால் மான் ஓடிவிடும். குழல் குளிர்ந்திருக்கும், சூடேறிய குழலில் படும் இடமும் இதுவும் சற்று மாறலாம். தொலைவைக் கண்ணாலோ கருவியாலோ அவரே அறிய வேண்டும். கொடிகள் இல்லை, புல் அசைவதைப் பார்த்தே காற்றை மதிப்பிட வேண்டும். மலை ஏறி வந்ததால் மூச்சு வாங்கும். ஒவ்வொரு நாடித் துடிப்பும் துப்பாக்கியை அசைக்கும். முறையான பிழையைத் திருத்த இரண்டாம் வாய்ப்பு அவருக்கு இல்லை.

தொலைவு செய்யும் வேலை

இத்தனை குறைகளையும் அவர் எப்படி ஈடு செய்கிறார்? நெருங்கிச் செல்வதால்! இதில் எவ்வளவு லாபம் என்று கணக்கிடுவோம்.

முதலில் சிதறல். 200 மீட்டரில் துப்பாக்கியால் ஏற்படும் சிதறல் 3 செ.மீ., கை அசைவால் ஏற்படுவது 4 செ.மீ. என்று கொள்வோம். தனித்தனிக் காரணங்களால் வரும் ஒழுங்கற்ற பிழைகள் நேராகக் கூடுவதில்லை. செங்கோண முக்கோணத்தின் பக்கங்களைப் போலக் கூடுகின்றன. மொத்தம் √(9 + 16) = 5 செ.மீ. பெரும் பணம் செலவிட்டுச் சிதறல் பாதியான புதிய துப்பாக்கி வாங்கினால், √(2.25 + 16) = 4.3 செ.மீ. லாபம் மிகக் குறைவு. அதே பழைய துப்பாக்கியோடு 100 மீட்டருக்கு நெருங்கினால் இரண்டு பிழைகளும் பாதியாகி, மொத்தம் 2.5 செ.மீ. ஆகிறது.

அடுத்து ஈர்ப்பு விசை. வினாடிக்கு 800 மீ. வேகத்தில் புறப்படும் குண்டு, காற்றின் தடையால் வேகம் குறைந்து, 100 மீட்டரை ஏறத்தாழ 0.13 வினாடியிலும் 300 மீட்டரை 0.42 வினாடியிலும் கடக்கும். ½ × 9.8 × (நேரம்)² என்ற சூத்திரப்படி, அது விழும் ஆழம் முறையே 8 செ.மீ., 86 செ.மீ. குறிகாட்டியைத் தொலைவுக்கேற்ப உயர்த்தி வைத்து இதை ஈடு செய்யலாம். ஆனால் தொலைவையே தவறாக மதிப்பிட்டால்? 300 மீட்டரை 270 என்று எண்ணிச் சுட்டால் குண்டு சுமார் 10 செ.மீ. தாழ்ந்து படும். 100 மீட்டரை 90 என்று எண்ணினால் 1 செ.மீ. மட்டுமே தாழும். மதிப்பீட்டில் செய்த தவறு இரண்டிலும் பத்தில் ஒரு பங்குதான். விளைவோ பத்து மடங்கு வேறுபடுகிறது.

மூன்றாவது பக்கக்காற்று. காற்றுத் தடையால் குண்டு எவ்வளவு நேரம் தாமதமாகிறதோ, அதைக் காற்றின் வேகத்தால் பெருக்கினால் பக்க விலகல் கிடைக்கும். 100 மீட்டருக்குத் தடையின்றி ஆகும் நேரம் 0.125 வினாடி, தாமதம் 0.005 வினாடி. வினாடிக்கு 5 மீ. வேகமுள்ள காற்றில் விலகல் 2.5 செ.மீ. 300 மீட்டருக்குத் தாமதம் 0.045 வினாடி; விலகல் 22 செ.மீ.க்கும் மேல். தொலைவு மூன்று மடங்கு. விலகல் ஒன்பது மடங்கு!

இங்கு ஓர் இனிய பொருத்தமும் உண்டு. மானின் மோப்ப சக்தி மிகக் கூர்மையானது. ஆகவே வேட்டைக்காரர் எப்போதும் காற்று தம் முகத்தில் படும்படியே, எதிர்க்காற்றில், ஊர்ந்து நெருங்குவார். நேர் எதிர்க்காற்றில் பக்க விலகல் ஏறக்குறைய இல்லை. மோப்பத்துக்கு அஞ்சிச் செய்தது குறிக்கும் உதவுகிறது.

மேற்சொன்ன சான்றிதழ்ச் சோதனையிலும் இந்த அறிவு பொதிந்துள்ளது. படுத்துச் சுடுவதற்கு 100 மீட்டர் தந்தவர்கள், உட்கார்ந்து சுட அதைவிடக் குறைந்த தொலைவும், நின்று சுட இன்னும் குறைந்த தொலைவும் வைத்துள்ளனர். நிலை ஆட்டம் காணக் காண, தொலைவு சுருங்குகிறது. நெருங்க வழியில்லை, மறைவில்லை, காற்று சுழன்று வீசுகிறது என்றால், சுடாமல் திரும்பி வருவதே நல்ல வேட்டைக்காரருக்கு அழகு. அதுவும் குறி தவறாமையின் ஒரு பகுதிதான்.

ஆக, வல்லவர் யார் என்ற கேள்விக்கு ஒரே விடை இல்லை. மொத்தத்தைக் கூட்டுபவர் சிதறலைச் சுருக்குகிறார். ஒன்றாவது பட வேண்டியவர் எண்ணிக்கையைக் கூட்டுகிறார். ஒன்றே பட வேண்டியவர் தொலைவைக் குறைக்கிறார். ஆய்வுக்கூடத்தில் ஓர் அளவீட்டைத் தொடங்கும்போதும், 'எவ்வளவு துல்லியம்?' என்பதற்கு முன் 'எதற்காகத் துல்லியம்?' என்று கேட்டுப் பழகுங்கள்.

செய்து பாருங்கள்

சுவரில் சுண்ணக்கட்டியால் 20 செ.மீ. விட்டமுள்ள வட்டம் வரைக. ஈரமான டென்னிஸ் பந்தை 3 மீ. தொலைவிலிருந்து 20 முறை எறிந்து, ஈரத்தடம் மையத்திலிருந்து எவ்வளவு தள்ளி விழுந்தது என்று அளந்து சராசரி காண்க. 6 மீட்டரிலிருந்தும் அவ்வாறே செய்க.

1. சராசரி விலகல் சரியாக இரு மடங்காயிற்றா, அதற்கும் மேலா? காரணம் யாது?

2. ஐந்து நாள்கள், ஒவ்வொரு நாளும் எறியும் முதல் பந்தின் விலகலை மட்டும் தனியே குறித்து, அவற்றின் சராசரியை முன்னதோடு ஒப்பிடுக. வேட்டைக்காரரின் இடர்ப்பாடு விளங்கும்.